அஷ்டமியில் எடுக்காத கார்

கோவில்பட்டியில் நான் பழைய கார் வாங்கி விற்றுக்கொண்டிருந்த காலம். விளாத்திகுளம் பக்கம் ஒரு மிளகாய்க் காட்டுக் கொட்டகையில், இறந்துபோன கணவரின் காரை ஓர் அம்மா விற்கப் போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பானட்டைத் திறந்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று இருந்தது.

எண்ணைக் குறித்துவந்து பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் தேடினேன். கம்பெனி கொஞ்சமாக மட்டுமே செய்த சிறப்பு மாடல் அது. பழைய பெயிண்டும் அந்தத் தகடும் அப்படியே இருந்தால், சேகரிப்பவர்கள் கேட்ட விலை கொடுப்பார்களாம்.

மறுநாளே போய், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "முழுக்கத் துருப்பிடிச்சிருக்கும்மா. இரும்பு விலைக்குத்தான் எடுக்க முடியும்" என்றேன். தலையாட்டினார். அட்வான்ஸ் கொடுத்தேன். ஆனால் அன்று அஷ்டமி, மறுநாள் நவமி. வண்டியை எடுக்க மனம் துணியவில்லை. வேறு புரோக்கர் மோப்பம் பிடித்துவிடுவானோ என்று இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை போனால், கார் புது நீலப் பெயிண்டில் பளபளத்தது.

"துருன்னு நீங்க சொன்னதும் மனசு கேக்கல அண்ணாச்சி. அவிய ஆசையா ஓட்டுன வண்டி, அப்படியே எப்படித் தர? ஆள வச்சு சுரண்டி பெயிண்ட் அடிச்சிட்டேன். துருப்பிடிச்ச தகடு ஒண்ணு இருந்துச்சு, அதையும் பேத்து பழைய இரும்புக்காரன்ட்ட போட்டாச்சு."

அது என்ன தகடு என்று சொல்லாமல் அதைத் தேடச் சொல்ல வழியில்லை. பெயிண்டுச் செலவை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்.

அந்தக் காரை நான் இன்னும் விற்கவில்லை. பானட்டைத் திறந்தால் தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகள் தெரியும். என் பொய்யை ஒருவர் எவ்வளவு முழுமையாக நம்பினார் என்பதற்கு அவைதான் சாட்சி.