இரண்டாம் பக்கத்தைக் காட்டாத குணம் அண்ணைக்கு

குணம் அண்ணை காலமாகிவிட்டார். ஞாயிறு காலை பழைய ஒபிஸ் வாட்ஸ்அப் குறூப்பில் படம் போட்டிருந்தார்கள்… கோட், டை, சந்தனப் பொட்டு.

அவரைக் கோட்டோடு நான் ஒரு நாளும் கண்டதில்லை.

படத்துக்குக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு வழிகாட்டியவர், தங்கமான மனிசன் என்று. பொய்யில்லை. ஆனால் எனக்கு அப்படி ஒரு வரி எழுதக் கை வரவில்லை. அதனால்தான் இங்கே வந்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு… கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சின்ன மண் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் ஏழு வருசம் ஒன்றாக வேலை செய்தோம். நான் லாப்பில். அவர் ஒபிஸுக்குப் பொறுப்பு. கடிதம், ஈமெயில் எல்லாம் முதலில் அவர் கையில்தான்.

புலமைப்பரிசில், ஆராய்ச்சி நிதி என்று எந்த அறிவித்தல் வந்தாலும் பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்ட்டில் குத்திவிடுவார். பேப்பர் மிச்சம் பிடிக்க முதல் பக்கம் மட்டும். மற்றப் பக்கங்கள் வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

வருவதில் அநேகமானவை ஆப்பிரிக்க முதுமாணி மாணவர்களுக்கும் இளம் விஞ்ஞானிகளுக்கும்தான். ஆனையிறவுக்கு இங்கால் முழுக்க ஆப்பிரிக்கா என்று எழுதிக் கொடுப்போமா என்று நான் பகிடி விடுவேன். வயிறு குலுங்கச் சிரிப்பார்.

நல்லது செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் கண்டாவளையில், உவர் ஏறிய வயல்களில் மண் எடுக்கப் போனோம். மோட்டார் சைக்கிள் சேற்றில் புதைந்துவிட்டது. மண் பைகளை எல்லாம் தானே தோளில் தூக்கிக்கொண்டு றோட்டு வரைக்கும் நடந்தார். ஒபிஸ்காரருக்கு அது தேவையில்லாத வேலை.

அந்த வயல்கள்தான் என் முதுமாணி ஆய்வு. அப்பாவின் வயலும் அதற்குள் கிடக்கிறது. வெயில் ஏற ஏற உப்பு வெள்ளையாகப் பூக்கும். அந்த மண்ணில் என்ன நெல் தாங்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும்… அதற்கான கருவி இங்கே இல்லை. பெரிய லாப் ஒன்றில் ஆறு மாதம் இருந்தால் போதும்.

அதற்கு நிதி வேண்டும். எல்லா இடத்திலும் வயதெல்லை முப்பத்தைந்து. எனக்கு முப்பத்துநான்கு முடிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து போர்ட்டில் ஒன்று வந்தது. உவர் நில ஆராய்ச்சிக்கு நிதி, முதுமாணிக்கும் பிஎச்டிக்கும். அச்சொட்டாக என் தலைப்பு. ஆனால் மேலே கொட்டை எழுத்தில் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு என்று இருந்தது. ஆசை விடவில்லை. மற்றப் பக்கங்களைக் கேட்டேன்.

"அது அந்தப் பிள்ளையளுக்குத்தான். நீ மினைக்கெடாதை" என்றார். தலை நிமிர்த்தவில்லை.

நம்பினேன். போனில் இரண்டு தட்டுத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். குணம் அண்ணை சொன்ன பிறகு நான் ஏன் தேட வேண்டும்…

அடுத்த வருசம் ஒரு ஒன்லைன் கருத்தரங்கு. தன்சானியாவிலிருந்து ரெஹேமா என்று ஒரு பிள்ளை பேசினாள். அதே நிதியில்தான் பிஎச்டி செய்கிறாளாம். எங்கள் வயல்களைப் பற்றி நான் சொன்னதும், நீ ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டாள்.

இலங்கைக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்களாம். ஒருவரும் விண்ணப்பிக்காததால் அது சும்மா போனதாம். இரண்டாம் பக்கத்தை ஸ்கிரீனில் காட்டினாள். பங்காளி நாடுகள் என்று நாலு பெயர். மூன்றாவது எங்களுடையது.

அதற்குள் எனக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது.

அடுத்த நாள் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன். மழுப்பவில்லை. அலுமாரியைத் திறந்து ஃபைலை எடுத்து முழு அறிவித்தலையும் முன்னால் வைத்தார். முந்தி லாப்பில் இருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன கனகராயன்குளத்துப் பெடியனுக்கும் தர்மபுரத்துப் பிள்ளைக்கும் சிபாரிசுக் கடிதம் எழுதி அனுப்பியதே தான்தான் என்றார். இரண்டு பேரும் படிப்பு முடிந்தும் அங்கேயே நின்றுவிட்டார்கள் என்றார்.

"நீயும் போனா வரமாட்டாய். எல்லாரும் போயிட்டா இஞ்ச ஆர் இருக்கிறது?"

"அதை நானெல்லோ சொல்லோணும், அண்ணை" என்றேன். அதுதான் அவரோடு கதைத்த கடைசிக் கதை.

அதற்குப் பிறகும் பத்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். ஆறிப்போய்க் கிடக்கும்.

புரொஜெக்ட் முடிந்து கூடத்தை மூடினார்கள். கொஞ்ச நாளில் கேள்விப்பட்டேன்… குணம் அண்ணை கனடா போகிறாராம். மகனிடம். ஒரேயடியாக.

ஆறு மாதத்துக்கு என்னை விடாத மனிசன். எனக்கு வந்த ஆத்திரத்தை எந்த மொழியில் எழுதுவது…

போவதற்கு முன் வீட்டுக்கு வந்தார். அம்மாதான் கதைத்தா. நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. மகன் விடுகிறான் இல்லை, தான் என்ன செய்வது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். சொல்லவில்லை.

இன்று பின்னேரம் இறுதிக் கிரியையின் லைவ் லிங்க் வந்தது. பார்த்தேன். மகன் ஆங்கிலத்தில் பேசினான். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வெளியில் போய்ப் படிக்க வேண்டும் என்றுதான் அப்பா வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டாராம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கொமென்ட் பெட்டியில் நானும் ஏதோ அடித்தேன். அழித்தேன்.

அழுகையும் வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ரெஹேமா பிஎச்டி முடித்துவிட்டாள். அவளுடைய ஊரில் உவர் நிலத்தில் விளைந்த நெல்லைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அப்பா இந்தப் போகமும் எங்கள் வயலில் உப்புப் பூத்த கீழ்க்கரையை விதைக்காமல் விட்டுவிட்டார்.

போயிட்டு வாங்கோ, குணம் அண்ணை.

நான் இஞ்சதான் இருக்கிறன்.