ஆறு மணி நேர சார்ஜ்: தக்கலையிலிருந்து கன்னியாகுமரிக்கு மின்சார ஸ்கூட்டரில்

வண்டி வாங்கி எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மின்சார ஸ்கூட்டரைப் பற்றி விற்பவர்கள்தான் பேசுகிறார்கள். வாங்கி ஏமாந்த நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

என் வண்டி 62,000 ரூபாய். ஈய பேட்டரி, 25 கி.மீ. வேகம், லைசென்ஸ் வேண்டாம். ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ. ஓடும் என்றார் கடைக்காரர். தக்கலையிலிருந்து கன்னியாகுமரி 36 கி.மீ. போக வர 72. நம்பினேன்.

கன்னியாகுமரியில் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்த மனைவியை அழைத்துவரக் கிளம்பினேன். அந்த வீட்டுக்குள் நான் கால் வைப்பதில்லை. பதினொரு வருடத்துக்கு முன்பு மாமனார் இறந்தபோது, சென்னையிலிருந்து நான் வந்து சேருமுன்பே அடக்கத்தை முடித்துவிட்டார்கள். அதன்பின் வாசலில் நின்று ஹாரன் அடிப்பேன், அவள் வந்து ஏறிக்கொள்வாள்.

ஞாயிறு காலை 6.40க்குப் புறப்பட்டேன். சுசீந்திரம் தாண்டியதும் எதிர்காற்று. 8.20க்குக் கொட்டாரத்தில், 32ஆவது கிலோமீட்டரில், வண்டி நின்றது. மனைவியைத்தான் போனில் அழைத்தேன். வந்தது அவள் தம்பி.

“ஹேண்டில நேரா பிடியுங்க அத்தான், மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

தன் ஸ்கூட்டரில் இருந்தபடியே என் வண்டியின் பின் கால்மிதியில் காலை ஊன்றித் தள்ளினான். நான்கு கிலோமீட்டர். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கால் ஒருமுறைகூட நழுவவில்லை.

அவன் வீட்டு வாசலில் பிளக்கில் போட்டோம். முழுதாகச் சார்ஜ் ஏற ஆறு மணி நேரம்.

“ஆறு மணிக்கூறும் ரோட்டுல நிண்ணு ஹாரன் அடிப்பியளா?” என்றாள் மனைவி.

உள்ளே போனேன்.

டீ குடித்ததும் மச்சினன் தன் வண்டிச் சாவியை நீட்டினான். அது 1,10,000 ரூபாய், லித்தியம் பேட்டரி. இருவர் ஏறினாலும் 75 கி.மீ. தருகிறதாம், வீட்டு பிளக்கில் நாலு மணி நேரம். பக்கத்து லாட்ஜ்காரருடையது 1,60,000. பக்கத்துக் கோவளம் போகும் சாலையில் இரண்டையும் ஓட்டினேன். விலை கூடிய வண்டி மேட்டில் கொஞ்சமும் திணறவில்லை. வேக சார்ஜ் நிலையத்தில் ஒரு மணி நேரம் போதுமாம். அப்படி ஒன்று என்னிடம் இருந்திருந்தால் பத்து மணிக்கே கிளம்பியிருப்பேன்.

மதியம் சாளை மீன் குழம்பு. சாப்பிடும்போது அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “அண்ணைக்கு அப்பாவ நாலு மணி வரைக்கும் வச்சிருந்தேன் அத்தான். மழ அடிச்சிட்டு. அதுக்கு மேல முடியல்ல.”

மனைவி இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவன் வாயால் கேட்பது முதல்முறை.

“நான் அஞ்சரைக்கு வந்தேன்” என்றேன்.

“தெரியும். பஸ் ஸ்டாப்புலதான் நிண்ணேன். நீங்க என்னைக் கண்டுட்டு மொகத்தத் திருப்பிட்டுப் போனிய.”

எனக்கு நினைவில்லை. ஆனால் நான் அதைச் செய்யக்கூடியவன்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடைக்காரர் சொல்லும் தூரத்தில் பாதிகூட வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இருபது கிலோமீட்டருக்குள் என்றால் விலை குறைந்த வண்டியே போதும். ஐம்பது என்றால் ஒரு லட்சம் தேவை. ஏற்றமும் நெடுந்தூரமும் உண்டென்றால் ஒன்றரைக்குமேல் ஒதுக்குங்கள்.

சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்த பிறகும், இருவரைச் சுமந்து 36 கி.மீ. போக என் வண்டியால் ஆகாது. அவனுடையதில் திரும்பினோம். என்னுடையது அங்கே நிற்கிறது. வரும் ஞாயிறு போக வேண்டும்.

அவனிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அதை அவன் செல்போனில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, நானே போய்ச் சொல்ல வேண்டும். அதனால் இதைப் பெயர் போடாமல் பதிவிடுகிறேன்.