பவர் பேங்க்கில் ஓடும் மாடலர்

கிட்டாருக்கு, பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியைத் தரும் ஆம்ப் மாடலர் கருவி தேடியபோது எல்லாரும் பெரிய திரை உள்ளதைத்தான் சொன்னார்கள். நான் பவர் பேங்க்கில் ஓடும் சின்னப் பெட்டியை வாங்கினேன்.

"சாப்பாட்டு டப்பா மாரி இருக்குலா" என்றான் எங்கள் டிரம்மர் முரளி.

இன்று எஸ்டேட் மண்டபத்தில் அவன் அக்காவின் கல்யாண விருந்து; எங்கள் கச்சேரி. பாதிப் பாட்டில் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரம் ஓடத் தொடங்கியது. வழக்கம்போல மண்டபத்து விளக்குகள் மங்கின. போன கச்சேரியில் மண்டபத்துக் கரண்டில் ஓடிய இரவல் மாடலர் இப்படித்தான் அணைந்தது; அது மறுபடி உயிர் பெறுவதற்குள் பாட்டே முடிந்துவிட்டது.

இன்று கிட்டார் நிற்கவில்லை. அப்பாடா.

"மானத்தக் காப்பாத்திட்டடா. டப்பாவுக்கும் ஒரு எலை போடச் சொல்றேன்" என்றான் முரளி.

எஸ்டேட்டை நடத்தும் துரையின் பங்களாவில் மட்டும் விளக்கு மங்குவதே இல்லை. அவர் எந்த மாடலரையும் வாங்கலாம். உங்கள் எஸ்டேட்டில் எதை வைத்து வாசிக்கிறீர்கள்?