காற்றுக் குழாயை உத்திரத்தில் ஏற்றிய கதை

டூவீலர் மெக்கானிக் தொழிலில் கையில் கிரீஸ் ஒட்டுவதும் காலில் காற்றுக் குழாய் சுற்றுவதும் தொழிலோடு சேர்ந்தே வருபவை. வீட்டு வாசலிலேயே கடை வைத்திருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒரு முறை தடுக்கிப் பார்த்தால் புரியும்.

இருப்பது ஒரே வழி

சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் தெரு ஒன்றில் என் வீடு. முன்பக்கக் கொட்டகைதான் கடை. வீட்டுக்குள் போக வேறு வழி கிடையாது. பின்மூலையில் கம்ப்ரஸர். அதிலிருந்து கிளம்பும் குழாய், வண்டிகளுக்கு நடுவே இருக்கும் குறுகலான நடைபாதையில் வளைந்து நெளிந்து தெரு வரைக்கும் கிடக்கும். வருஷக்கணக்காக எல்லோரும் அதைத் தாண்டித்தான் நடந்தோம்.

என் மனைவி எஸ்தர் போன கோடையில் விழுந்தது அந்தக் குழாயால் அல்ல. வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் படியில். கணுக்கால் முறிந்து, உள்ளே பிளேட் வைத்து, கைத்தடியோடு வீடு திரும்பினாள். அதே காலில் இன்னொரு முறை விழுந்தால் மறுபடி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோவை விட்டு இறங்கியவள் கடை வாசலிலேயே நின்றாள். உள்ளே குழாய் சாவகாசமாகப் படுத்திருந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் எப்படி வூட்டுக்குள்ள வர்றதுன்னு நீங்களே சொல்லுங்க. இல்லன்னா இதே ஆட்டோல எங்க அம்மா வூட்டுக்குப் போயிடறேன்."

கேரண்டி

அன்றைக்குக் குழாயைக் கையால் சுருட்டி ஓரம் தள்ளி அவளை உள்ளே சேர்த்தேன். மறுநாளே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். குழாயைத் தானாகவே சுருட்டிக்கொள்ளும் ரீல் இரண்டு காட்டினார்கள். ஒன்று இரும்பு. அதன் விலையைக் கேட்டதும் அதைத் தொட்டிருந்த கையை எடுத்துக்கொண்டேன். இன்னொன்று பிளாஸ்டிக் கூடு போட்டது, பாதி விலைக்கும் கீழே. உள்ளே ஸ்பிரிங். இழுத்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், பூட்டு விழுந்து அந்த இடத்தில் நிற்கும். மறுபடி லேசாக இழுத்துவிட்டால் உள்ளே ஓடிவிடும். கடைக்காரர் செய்து காட்டியபோது மூன்று தடவையில் இரண்டு தடவை நின்றது.

கேரண்டி உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் பெருமாள் பாத்துக்குவாரு சார்" என்றார். நான் சர்ச்சுக்குப் போகிற ஆள் என்றேன். அவர் பில் போடுவதை நிறுத்தவே இல்லை: "அவரும் பாத்துக்குவாரு சார்."

பெட்டியில் இல்லாதது

வீட்டில் பெட்டியைப் பிரித்தால் ரீல் இருக்கிறது, குழாய் இருக்கிறது, கம்ப்ரஸரையும் ரீலையும் இணைக்கும் துண்டுக் குழாய் மட்டும் இல்லை. திரும்பவும் கடைக்கு ஓடினேன். முழ நீளத்தில் ஒன்றும், கொட்டகை நீளத்துக்கு ஒன்றும் வைத்திருந்தார். ஏற்கெனவே செலவு செய்த வருத்தத்தில் குட்டையை எடுத்தேன். ரீல் கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயே, கொட்டகையின் பின்மூலையில்தான் மாட்ட வேண்டும் என்பது அந்த நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. இதையெல்லாம் பெட்டிக்குள்ளேயே வைக்கக் கூடாதா என்று முறையிட்டேன். கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "வெச்சா அதுக்குப் பேரு இரும்பு ரீலு சார்."

பொதுச் சுவர்

எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு சுவர் பொது. என் கடையின் பின்மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்மா அக்காவின் தறி இருக்கிறது. பழைய செங்கல், பழைய சுண்ணாம்பு. டிரில்லை வைத்ததும் மாவு மாதிரி கொட்டியது. போல்ட்டை முறுக்கினால் போல்ட்டும் சுற்றியது, அதோடு கொஞ்சம் சுவரும் வந்தது. நான்காவது ஓட்டை போடும்போது அந்தப் பக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம்.

பத்மா அக்கா வாசலில் வந்து நின்றாள். தலையில் சுண்ணாம்புத் தூள், கையில் கண்ணாடி போன சுவர்க் கடிகாரம். "இன்னா தம்பி, அப்படியே ஓட்டை போட்டுக்கினு வந்தீன்னா தறி மேலயே வந்து குந்திக்கலாம். காபி போட்டு வெக்கட்டுமா?"

மூக்கு அரித்தது

கடிகாரத்துக்குப் பரிகாரமாக மறுநாள் காலையில் பத்மா அக்கா என்னை வேலை வாங்கினாள். எங்கள் தெருவில் பாவு நீட்டுவது காலை வேளையில். பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சரிசெய்வார்கள். அன்றைக்கு அவள் வீட்டில் ஓர் ஆள் குறைவு. ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து "வுடு" என்று குரல் வரும்வரை விடக்கூடாது. ஒரே சட்டம், அவ்வளவுதான்.

பிடித்த சிறிது நேரத்தில் எனக்கு மூக்கு அரித்தது. லேசாகக் கையைத் தளர்த்தினேன். தெருவின் அந்தக் கோடியில் நின்ற பத்மா அக்காவுக்கு எப்படியோ அது தெரிந்துவிட்டது. அங்கிருந்தே கத்தினாள்: "மூக்கு எங்கயும் போயிடாது தம்பி! முனையப் புடி!"

பிறந்த வீடு

சுவரை விட்டுவிட்டு, கொட்டகையின் இரும்பு உத்திரத்தில் பட்டை வைத்து ரீலை மாட்டினேன். தரை காலியானது. எஸ்தர் தடியோடு நடைபாதையில் போய் வந்தாள். ஆனாலும் கண் தரையிலேயே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தரையிடம் அனுமதி கேட்பது போல நடந்தாள்.

முதல் வாடிக்கையாளர் தென்னேரியிலிருந்து பால் கொண்டுவருபவர். குழாயை வாசல் வரை இழுத்தார். டிக் டிக் சத்தம் வருவதற்குள் விட்டுவிட்டார். குழாய் தரையில் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடியது. முனையில் இருந்த பித்தளை, வழியில் ஒரு பைக்கின் இண்டிகேட்டரை உடைத்துவிட்டு உத்திரத்தில் மோதி நின்றது. எஸ்தர் அப்போது சமையலறையில் இருந்தாள். நான் முதலில் வீட்டுக் கதவைத்தான் திரும்பிப் பார்த்தேன். பால்காரருக்கு அது வேடிக்கை: "இன்னாபா, பொறந்த வூட்டுக்குப் போற பொண்ணு மாதிரி இந்த ஓட்டம் ஓடுது!"

ஸ்கூட்டரா, முனையா

அதன்பிறகு குழாயை யாரிடமும் கொடுக்காமல், முனையை நானே கையில் வைத்துக்கொண்டுதான் காற்று பிடித்தேன். ஒரு வாரம் ஒழுங்காகப் போனது. ஒரு மத்தியானம் நான் ஒரு வண்டியின் அடியில் படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். பத்மா அக்கா தன் ஸ்கூட்டரை வாசலில் சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, "நீ இரு தம்பி, நானே புடிச்சிக்கிறேன்" என்று குழாயை இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். அதே நேரத்தில் எஸ்தர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு நடைபாதையில் இறங்கினாள். ஒரு பக்கம் வண்டிகள், இன்னொரு பக்கம் வண்டிகள், நடுவில் அவள், அவளுக்குப் பக்கத்தில் பூட்டு விழாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் குழாய். வண்டிக்கு அடியிலிருந்து நான் பார்த்தது அவளுடைய இரண்டு பாதங்களையும் கைத்தடியையும்தான்.

வாசலில் ஸ்கூட்டரின் ஸ்டாண்டு நழுவியது. யாராக இருந்தாலும் கையில் இருப்பதை விட்டுவிட்டு வண்டியைத்தான் பிடிப்பார்கள். நானாக இருந்தால் கண்டிப்பாக அதைத்தான் செய்திருப்பேன். நான் கத்த வாயெடுப்பதற்குள் ஸ்கூட்டர் சாய்ந்து விழுந்து கண்ணாடி நொறுங்கியது. குழாய் அசையவில்லை. பத்மா அக்கா இரண்டு கையாலும் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எஸ்தர் ஒவ்வோர் அடியாக வைத்து வாசலுக்கு வந்து, தெருவில் காலை ஊன்றி, "வுடுக்கா" என்றாள். அப்போதும் அக்கா சட்டென்று விடவில்லை. முனையைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே நடந்து வந்து ரீலுக்குள் சேர்த்தாள்.

நான் ஸ்கூட்டரை நிமிர்த்தினேன். வண்டியை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு, அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்: "வண்டி வுழுந்தா நீ தூக்குவ. அந்தப் பக்கம் ஆளு நிக்கிறப்ப, சொல்லாம முனைய எப்படிப்பா வுடறது?"

வாசலுக்கு இடமாற்றம்

அன்று சாயங்காலமே ஹார்டுவேர் கடைக்குப் போய் நீளமான இணைப்புக் குழாயை வாங்கி வந்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி. ரீலைக் கழற்றி, வாசல் ஷட்டருக்கு மேலே மாட்டினேன். இணைப்புக் குழாய் சுவரோடு மேலேயே போகிறது. இப்போது இழுத்தாலும் விட்டாலும் எல்லாம் தெருப் பக்கம்தான். நடைபாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்மா அக்காவின் ஸ்கூட்டருக்குப் புதுக் கண்ணாடி போட்டேன். சுவர்க் கடிகாரமும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

பூட்டு இன்னும் மூன்றில் இரண்டு தடவைதான் நிற்கிறது. அதனால் கடையில் ஒரு சட்டம் வந்திருக்கிறது: காற்று பிடித்தவர் முனையைக் கையில் வைத்துக்கொண்டு "வுடலாமா?" என்று கேட்க வேண்டும், உள்ளேயிருந்து பதில் வரவேண்டும். பதில் சொல்லும் வேலையை எஸ்தர் எடுத்துக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது தடியைக் கதவருகே சாத்திவிட்டு, என் தோளைக்கூடப் பிடிக்காமல், ஷட்டர் வரை நடந்தாள். வழி முழுக்கத் தரையைப் பார்க்கவே இல்லை, மேலே ரீலைத்தான் பார்த்தாள். நின்று, ஒரு குறை கண்டுபிடித்தாள்: "ஏங்க, அது மேல இவ்ளோ ஒட்டடை இருக்குது, தொடைக்கக் கூடாதா?"

விலை குறைந்த ரீல் வாங்க நினைப்பவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.