வெள்ளையடித்த கராஜ்

எங்கள் ஊரில் ஒரு பழைய நாற்காலி ஆடாமல் நிற்கிறது என்றால் அதில் மார்லிஸின் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் வீட்டுக் கராஜில் நின்று ஊரார் நாற்காலிகளைக் கழற்றி, பசை தடவி, இறுக்கி மாட்டுவாள். ஆள் குள்ளம். கடை மேசை எதுவும் ஒத்துவராததால், கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டு எட்டுகிற உயரத்துக்குத் தன் வேலை மேசையைத் தானே செய்துகொண்டாள். மரவேலைக்காரர்கள் அப்படித்தான் அளப்பார்கள். அடுத்தவர் உயரத்து மேசையில் நின்று இழைத்துப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும்.

அந்தக் கராஜ் மீது அவள் கணவன் டுவேனுக்குத் தீராத வயிற்றெரிச்சல். மினசோட்டாக் குளிரில் ஊர்க் கார்களெல்லாம் கூரைக்கடியில் நிற்க, அவன் மட்டும் விடிந்ததும் தன் கார்க் கண்ணாடியில் பனிக்கட்டி சுரண்ட வேண்டும். சுரண்டுவான், முணுமுணுப்பான், உள்ளே வந்து காப்பி குடிப்பான். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. தங்கமான மனுஷன் என்றுதான் ஊரே நினைத்தது.

போன வருஷம் மார்லிஸின் முழங்கால் தேய்ந்து, மேசை முன்னால் நிற்க முடியாமல் போயிற்று. ஊசி என்றாலே ஓடுகிறவள், பல்லைக் கடித்துக்கொண்டு செயற்கை மூட்டு வைத்துக்கொண்டாள். உட்கார்ந்து டிவி பார்க்க அதெல்லாம் வேண்டியதில்லை. நிற்க வேண்டும், இழைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. உடம்பு தேறும்வரை ஃபார்கோவில் தங்கை வீட்டில் இருந்தாள்.

அங்கேதான் டுவேன் அனுப்பிய படம் வந்தது. கராஜின் கரிபிடித்த சுவர்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. தரைக்குச் சாம்பல் நிற பெயிண்ட். சுவரில் துளைப்பலகை அடித்து, ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பில் வரைந்து மாட்டியிருந்தார்கள். மார்லிஸ் அழுதுவிட்டாள். இத்தனை காலம் கழித்து இந்த மனுஷனுக்கு நம்மைப் புரிந்திருக்கிறது என்று தங்கையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஊர் திரும்பிய அன்று, பெயிண்ட் அடிக்க வந்த அக்கம்பக்கத்தார் எல்லாரும் கராஜில் கூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு பெவ் பெரிய பாத்திரத்தில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய ஹாட்டிஷ் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். தினம் ஒரு வேளைக் காப்பியாவது சேர்ந்து குடிக்கிற சிநேகிதி அவள். மார்லிஸ் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, ஆசையாக மேசை முன்னால் போய் நின்றாள். விளிம்பு அவள் நெஞ்சில் இடித்தது.

குனிந்து பார்த்தாள். நான்கு கால்களுக்கும் கீழே கட்டை வைத்துத் திருகியிருந்தார்கள். முழங்காலை நினைத்து, குனியக் கூடாதென்று டுவேன் உயர்த்தியிருப்பான் போல, பாவம், தெரியாமல் செய்துவிட்டான். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. இழைப்புளியை எடுக்கக் கை நீட்டினாள். எட்டவில்லை. உளியும் எட்டவில்லை. மேலே பாதி உருவங்கள் காலியாக இருந்தன. அவளிடம் எந்தக் காலத்திலும் இல்லாத பெரிய கருவிகளின் உருவங்கள் அவை. அவளுடைய சின்னச் சாமான்களெல்லாம் மூலையில் ஒரு டப்பாவில் கிடந்தன.

"இந்த மேசைய யார நிக்க வச்சு அளந்தீங்க?"

டுவேன் தொண்டையைச் செருமினான்.

"ட்ராய வச்சுத்தான்."

ட்ராய் அவனுடைய முதல் தாரத்து மகன். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊருக்கே வருகிறான், இங்கே அலமாரி செய்து விற்கப்போகிறான் என்று டுவேன் மென்று விழுங்கிச் சொன்னான். எல்லாம் பேசி முடிவானதாம், பெயிண்ட் அடிக்க வந்தவர்களுக்கெல்லாம் தெரியுமாம். அவள் சாப்பிட்டு முடித்ததும் சொல்லலாம் என்று இருந்தானாம்.

"இந்தக் காலோட நீ இனிமே எங்க நிக்கப்போற, மார்லிஸ்?"

கழுத்தறுத்துவிட்டான், படுபாவி. நிற்கத்தானே அவள் அந்தக் காலையே அறுத்துக்கொண்டாள்! அவள் அங்கே வலியில் துடித்துக்கொண்டு நடை பழகியபோது, இங்கே வேறொருவன் உயரத்துக்குக் கட்டை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அந்த ரம்பத்த எடுத்துக் குடு. எனக்கு எட்டல."

அவள் அடங்கிவிட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, டுவேன் உடனே எடுத்துக் கொடுத்தான். அவள் காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மடக்க முடியாத காலை நீட்டி உட்கார்ந்தாள். மேசையின் முதல் காலுக்குக் கீழிருந்த கட்டையை அறுக்க ஆரம்பித்தாள். கட்டை விழுந்ததும் மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மார்லிஸுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டியது. பெவ் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"போதும்டி, தையல் விட்டுடப்போவுது."

மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எந்தச் செவரு அடிச்ச, பெவ்?"

பெவ் கண் கலங்க, ஜன்னல் பக்கத்துச் சுவரைக் கையால் காட்டினாள்.

"நல்லாத்தான் அடிச்சிருக்க," என்றாள் மார்லிஸ். தோளிலிருந்த கையை எடுத்து அப்பால் விட்டுவிட்டு, வாளியை இரண்டாவது காலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.