படிக்காமல் போட்ட கையெழுத்து

ஆறு வருடங்களாக நான் செய்த தவறு இது. காக்களூரில் ரப்பர் வாஷர் செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. மெஷின் ஓட்டுவேன், ஆர்டர் பிடிப்பேன். கணக்காளர் நீட்டும் தாள்களில் மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

போன வருடம் பெரிய நஷ்டம் என்றார் அவர். அதைக் கேட்டதும் என் அண்ணன், பட்டறையை வாங்க ஓர் ஆளையே பேசி வைத்துவிட்டார். "எத்தினி நாளு கஷ்டப்பட்டுக்கினு இருப்ப? வித்துட்டு நிம்மதியா ஊட்ல இரு" என்றார்.

ஆர்டர் கூடிய வருடத்தில் நஷ்டம் எப்படி வரும்? பிளஸ் ஒன் படிக்கும் மகளின் கணக்குப்பதிவியல் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தந்த கணக்குத் தாள்களை ஒரு வாரம் வரிவரியாகப் படித்தேன். புதிதாக வாங்கிய மெஷினின் முழு விலையையும் அந்த ஒரே வருடத்துச் செலவாக எழுதியிருந்தார்.

கணக்காளரிடம் போய்க் கேட்டேன். "உங்களுக்கு இன்னாத்துக்கு மேடம் இதெல்லாம்?" என்று சிரித்தார்.

"பட்டறை என்னுது சார். மெஷின் இன்னும் ஓடிக்கினு கீது. அது சொத்து. அதோட தேய்மானம் மட்டுந்தான் அந்த வருஷச் செலவு. மாத்தி எழுதுங்க."

நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

பேரேட்டைப் புரட்டிப் பார்த்தவர், "தப்புதான் மேடம்" என்றார். திருத்தியதும் சின்ன லாபம் தெரிந்தது.

அண்ணனிடம் தாளை நீட்டினேன். "விக்க மாட்டேண்ணா. நீயே படிச்சிப் பாரு."

அவர் படிக்கவில்லை. ஒரு மாதம் என்னிடம் பேசவும் இல்லை. அந்த வருத்தம் இருக்கட்டும். யாரும் என்னை ஏமாற்றவில்லை, பார்க்காமல் இருந்தவள் நான்தான் என்பதே அதிகம் உறுத்துகிறது. எனக்குப் புரியாத எந்தத் தாளிலும் இனி என் கையெழுத்து விழாது.