பல் டாக்டரும் இரண்டு ஜெர்மன் கார்களும்

எங்கள் தெருப் பல் டாக்டருக்கு இரண்டு பழைய ஜெர்மன் கார்கள். ஒன்று போர்ஷே 911. எஞ்சின் பின்னால், காற்றிலேயே குளிரும். இன்னொன்று பென்ஸ் எஸ்.எல்.; கூரை நடுவில் லேசாகக் குழிந்து, யாரோ உட்கார்ந்து எழுந்துபோன மெத்தை மாதிரி இருக்கும். இரண்டையும் அவர் ஓட்டுவதில்லை. கிலோமீட்டர் ஏறினால் மதிப்பு இறங்குமாம். துடைப்பார், சுற்றிவருவார், ஒப்பிடுவார்.

ஒப்பிடுவது கிளினிக்கில்தான் ஜோராக நடக்கும். வாய்க்குள் பஞ்சைத் திணித்துவிட்டு, "சொல்லுங்க, ஒரிஜினல் பெயின்ட் இருக்கிற போர்ஷே ஒசத்தியா, ஒரிஜினல் எஞ்சின் இருக்கிற பென்ஸ் ஒசத்தியா?" என்பார். யார் முனகினாலும் தன் கட்சிக்கு ஓட்டு என்று எடுத்துக்கொள்வார். கட்சி வாரத்துக்கு வாரம் மாறும். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று பென்ஸ் ஜெயித்தது.

அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவர். துணி வெட்டும் மேஜை சாப்பாட்டு அறையை விழுங்கிவிட்டதால், குடும்பமே தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டது. ஒரு ஹோட்டலிலிருந்து மொத்த ஜன்னல்களுக்கும் ஆர்டர் வந்ததும், கார் ஷெட்டில் பாதி தனக்கு வேண்டும் என்றார் அந்த அம்மாள். ஒரு கார் போயாக வேண்டும். வாங்கிக்கொள்ள அந்த அம்மாளின் தம்பியே தயார்.

எது போவது என்பதுதான் முடியவில்லை. தம்பி ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், எதைக் குடுத்தாலும் எனக்குச் சம்மதம். சாவியக் குடுங்க."

"அவசரப்படாதே மச்சான். போர்ஷேவுக்குப் போட்டி போடுற ஆளு ஜாஸ்தி. ஆனா பென்ஸோட அந்தக் கூரை இருக்கே..."

"கூரையப் பத்திப் போன வாரமே சொல்லிட்டீங்க."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி செருப்பை மாட்டினார். "ரெண்டையும் வெளிய எடுங்க. உக்காந்து பாத்து நான் சொல்றேன்."

"ஓட்டுறதா? கிலோமீட்டர் ஏறிடும்மா."

"நாளைக்கு ஹோட்டல்காரன் துணிய இறக்கிடுவான். அத உங்க கிளினிக்ல இறக்கச் சொல்லட்டுமா?"

டாக்டர் சாவியை எடுத்தார். பென்ஸில் அந்த அம்மாள் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்; கால் நீட்ட இடமிருந்தது, ரோடு பட்டும் படாமல் போனது. போர்ஷேவில் முட்டி இடித்தது. ஒவ்வொரு பள்ளமும் முதுகில் வந்து விழுந்தது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் போட்ட கூச்சலில், டாக்டர் வழிநெடுக வாயசைப்பது மட்டும் தெரிந்தது.

இறங்கியதும் மனைவி தம்பியிடம் சொன்னார்: "பென்ஸ எடுத்துக்கோடா."

டாக்டருக்குப் புரியவில்லை. "அதுலதானே நீ வசதியா உக்காந்திருந்தே?"

"உக்காந்திருந்தேன். ஆனா அதுல நீங்க பேசுறது ஒரு வார்த்தை விடாமக் கேக்குது."

பென்ஸ் கிளம்பியது. டாக்டர் அதன் கதவைப் பிடித்தபடி, எதை மாற்றினாலும் எஞ்சினை மட்டும் மாற்றக் கூடாது என்று கேட் வரை சொல்லிக்கொண்டே போனார். தம்பி கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

அவர் திரும்பி வந்தபோது, ஷெட்டின் காலியான பாதியை மனைவி டேப்பால் அளந்துகொண்டிருந்தார். மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். டாக்டர் குனிந்து பிடித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா, போர்ஷேவோட அந்தச் சத்தத்துக்குன்னே பணத்தக் கொட்டுறவங்க இருக்காங்க."

"கொட்டலாம்ங்க," என்றார் மனைவி. "தகும்."